தாமிரத் தகட்டில் தஞ்சை: வில்லியம் டேனியலின் நிலக்காட்சி மரபும் திருவையாற்றுச் சமவெளியும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில நிலக்காட்சி, கடற்காட்சி ஓவியர் வில்லியம் டேனியல் (1769–1837) தம் சிற்றப்பன் தாமஸ் டேனியலுடன் 1792ஆம் ஆண்டில் தமிழகத்தில் பயணம் செய்தார். அப்பயணத்தின் விளைவாக வெளிவந்த அச்சுப்படங்களில் தஞ்சைப் பெரிய கோயில் இடம்பெற்றது. அதற்கு ஏறத்தாழ 12 கி.மீ. வடக்கே காவிரிக் கரையில் அமைந்த திருவையாறும் அதனைச் சூழ்ந்த நெல்வயல்களும் இடம்பெறவில்லை. இவ்விடுபாடு தற்செயலானதன்று, அக்கால நிலக்காட்சிக் கொள்கையும் பயணத்தின் அரசியற் சூழலும் சமவெளியின் இயல்பும் சேர்ந்து விளைவித்தது என இக்கட்டுரை வாதிடுகின்றது. இவ்வச்சுப்படங்களைத் தஞ்சை வரலாற்றுக்கான சான்றாகக் கொள்வோர் கருத வேண்டிய வரம்புகளும் இதனுள் பேசப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வில்லியம் டேனியல், நிலக்காட்சி ஓவியம், அக்வாடின்ட், தஞ்சாவூர், திருவையாறு, மருதம், லின்னேயஸ் டிரைப்

முன்னுரை

தஞ்சாவூரின் பழந்தோற்றத்தைக் காட்ட வேண்டிய இடங்களில் வரலாற்று நூல்களும் அருங்காட்சியக வெளியீடுகளும் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் படங்கள் இரண்டு உண்டு. ஒன்று, 'தஞ்சாவூர்ப் பெரிய பகோடா' என்னும் பொருள்படும் தலைப்புடையது. மற்றொன்று, அக்கோயிலின் நந்தியைக் காட்டுவது. இரண்டும் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' என்னும் பெருந்தொகுப்பைச் சேர்ந்தவை. 'பகோடா' என்பது அக்காலத்து ஐரோப்பியர் தென்னிந்தியக் கோயில்களுக்கெல்லாம் பொதுவாக வழங்கிய பெயர்.

இவ்விரு படங்களையும் ஆராய்ந்தோர் பெரும்பாலும் அவற்றின் துல்லியத்தையே பேசியுள்ளனர். விமானத்தின் தளங்கள், நந்தி மண்டபத்தின் தூண்கள், சூழ்ந்திருந்த மதில் ஆகியன இன்றைய நிலையோடு ஒப்பிடப்பட்டுள்ளன. அது பயனுள்ள பணியே. ஆயினும் படத்தில் உள்ளதை ஆராய்வதோடு, இல்லாதது ஏன் இல்லை என்று வினவுவதும் வரலாற்றாய்வின் கடமை. தஞ்சையை நாடாகத் தாங்கி நின்றது நெல். அந்நெல்லைத் தாங்கியது காவிரியும் அதன் கிளைகளும். தென்னாட்டுப் பயணத்தின் வழியில் தஞ்சைக்கு வந்த ஓவியர் இருவரின் அச்சுப்படங்களில் அவ்வயல் ஏன் தோன்றவில்லை?

சிற்றப்பனும் மகனும்

வில்லியம் டேனியல் 1769இல் இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டனில் பிறந்தார். அவர் தந்தை செங்கல் கட்டுமானத் தொழிலர். பின்னர் செர்ட்சி என்னும் ஊரில் விடுதி நடத்தியவர். தந்தை 1779இல் இறந்தபின், பத்து வயதுச் சிறுவன் சிற்றப்பன் தாமஸின் பொறுப்பில் வந்தான். தாமஸ் இலண்டனில் ஓவியராக நிலைபெற முயன்றுகொண்டிருந்தவர். உருவப்படங்களுக்கு இருந்த மதிப்பு அங்கே நிலக்காட்சிக்கு அன்று இல்லை. இந்தியாவுக்குச் சென்றால் எவரும் காணாத காட்சிகளை வரைந்து பொருளீட்டலாம் என்ற எண்ணம் அவரைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியை நாடச் செய்தது.

1785 ஏப்ரலில் இருவரும் கப்பலேறினர். வில்லியமுக்கு அப்போது பதினாறு வயது. சீனம் வழியாக 1786இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கே அவர்கள் தாமிரத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடும் தொழிலைப் பெரும்பாலும் தாமே முயன்று கற்றனர். 1786 முதல் 1788 வரை வெளிவந்த கல்கத்தாக் காட்சிகள் பன்னிரண்டும் அம்முயற்சியின் முதற்பயன். அவற்றை ஈட்டிய பணமாகக் கொண்டு 1788 முதல் 1791 வரை கங்கைச் சமவெளியூடே இமயத்துக் கர்வால் சிறீநகர் வரை சென்று மீண்டனர்.

அவர்கள் பயன்படுத்திய அக்வாடின்ட் என்னும் முறையைச் சிறிது விளக்குவது தேவை. பின்வரும் வாதத்தின் ஒரு பகுதி அதனைச் சார்ந்தது. மெருகிட்ட தாமிரத் தகட்டின்மேல் குங்கிலியப் பிசின்தூளைப் படியச் செய்து சூடேற்றினால், தூள் நுண்மணிகளாய் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் இட்டால், மணிகளுக்கு இடைப்பட்ட தாமிரம் மட்டும் அரிக்கப்படும். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு மைபிடிக்கும். அவ்வளவு இருள் அச்சில் விழும். கோடுகளால் நிழல் காட்டும் செதுக்கச்சு போலன்றி, இம்முறை நீர்வண்ணத்தின் மெல்லிய பூச்சைத் தாளில் கொணரவல்லது. வானம், பனிமூட்டம், அசையாத நீர்ப்பரப்பு ஆகியவற்றுக்கு இதனினும் ஏற்ற கருவி அக்கால அச்சில் இல்லை. ஆதலின் சேறும் நீரும் வானும் கலந்து நிற்கும் நடவுக்கால வயலை இவ்வச்சுமுறையால் காட்ட இயலாது என்று கூற முடியாது.

1792ஆம் ஆண்டுப் பயணம்

1792 மார்ச் இறுதியில் டேனியல் இருவரும் சென்னையை அடைந்தனர். அம்மாதத்திலேதான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மூன்றாம் மைசூர்ப் போர் முடிவுற்றிருந்தது. திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் முதலிய பகுதிகள் கம்பெனியின் கைக்கு வந்தன. இப்போரைப் பற்றிய செய்திகளை இலண்டன் வாசகர் ஆவலுடன் படித்துவந்தனர். ஆகவே கம்பெனிப் படை ஏறிய மலைக்கோட்டைகளின் படங்களுக்கு விற்பனை உறுதி. ஏப்ரலில் புறப்பட்ட ஓவியர்கள் முதலில் சென்றது அம்மலைக்கோட்டைகளுக்கே. இராயக்கோட்டை, ஓசூர், வீரபத்திரதுர்க்கம், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகியன அச்சுத் தகடுகளில் ஏறின. பின்னர் மதுரை, இராமேசுவரம், பாபநாசம், குற்றாலம் எனத் தெற்கே சென்று, திரும்பும் வழியில் திருச்சிராப்பள்ளியையும் தஞ்சாவூரையும் கண்டனர்.

இவர்களுக்கு முன் இந்தியாவை வரைந்த வில்லியம் ஹாட்ஜஸ் 1780இல் சென்னைக்கு வந்தும், ஐதர் அலியின் படையெடுப்பால் உள்நாட்டுக்குள் அதிகம் செல்ல இயலாமல் வங்கத்துக்குப் போனவர். ஆகவே தமிழகத்தின் உட்பகுதியை விரிவாக அச்சிட்டு வெளியிடும் வாய்ப்பு டேனியல் இருவருக்கே முதலில் வாய்த்தது.

அன்றைய தஞ்சை எந்நிலையில் இருந்தது? 1781இல் ஐதரின் படை நெல்நாட்டைச் சூறையாடியது. ஊர்கள் வெறிச்சோடின, உழவர் பலர் நாட்டைவிட்டு அகன்றனர், விளைச்சல் வீழ்ந்தது. 1787இல் அரசேறிய அமர்சிங் கம்பெனியின் கடன்பிடியில் இருந்தார். பின்னாளில் இரண்டாம் சரபோசி எனப் பெயர்பெறவிருந்த இளைஞருக்குச் சுவார்ட்சுப் பாதிரியார் காவலாக இருந்த காலமும் அதுவே. பதினொரு ஆண்டுகளுக்கு முன் பாழ்பட்ட நாட்டின் வழியே ஓவியர்கள் வந்துள்ளனர். அச்சுப்படங்களில் அதன் தடமே இல்லை. கோயில் அமைதியாக நிற்கிறது. நந்தி அமைதியாகக் கிடக்கிறது. படத்தின் அமைதியை அக்காலத் தஞ்சையின் அமைதி எனக் கொள்வது பெரும்பிழையாகும். இவ்வச்சுப்படங்களை அட்டையிலும் முகப்பிலும் இடும் நூல்கள் சில அப்பிழைக்கு வழிவகுக்கின்றன.

கரடுமுரடின் அழகு

டேனியல் இருவரும் தமிழகத்தில் நடந்துகொண்டிருந்த அதே 1792இல் இலண்டனில் வில்லியம் கில்பின் என்னும் திருச்சபைக் குரு காட்சியழகு பற்றிய மூன்று கட்டுரைகளை வெளியிட்டார். இயற்கையை ஓவியமாகக் காணும் முறையை ஆங்கிலேயருக்குக் கற்பித்தவர் அவர். அவர் கொள்கையில் வழுவழுப்பானது அழகாயிருக்கலாம்; ஓவியத்துக்கு ஏற்றதாகாது. ஓவியத்துக்கு வேண்டியது கரடுமுரடு: உடைந்த பாறை, சிதைந்த சுவர், முறுக்கேறிய மரம், மேடுபள்ளம். படத்தின் ஓரங்களில் இருள் சூழ்ந்த மரமோ குன்றோ நிற்க, நடுவில் ஒளி விழ, பின்னால் தொலைவு மங்க வேண்டும். இவ்வமைப்பு பதினேழாம் நூற்றாண்டின் குளோது லொர்ரேனிடமிருந்து வந்தது. ஆங்கிலச் செல்வர் வீட்டுச் சுவர்களில் அது வழக்காகிவிட்டிருந்தது.

அக்கொள்கையை மனத்திற்கொண்டு 'ஓரியண்டல் சீனரி'யின் தமிழகத் தகடுகளை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படும். மலைக்கோட்டைகள் உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பப் பாறைகள் உண்டு. பாபநாசத்து அருவி உண்டு. குமரிமுனை என்று பெயரிட்ட தகடுகூட உண்டு. ஆனால் களக்காட்டருகிலிருந்து எடுத்த அக்காட்சியில் பெயருக்குரிய கடல்முனையைக் காட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையே பொருளாக நிற்கிறது. பின்னாளில் கடலோவியராகப் பெயர்பெற்ற ஒருவரின் படைப்பில் இது வியப்புக்குரியதே.

காவிரியும் உண்டு. 'காவிரி ஆற்றிலிருந்து எடுத்த திருச்சிராப்பள்ளிக் குன்று' என்பது ஒரு தகட்டின் தலைப்பு. இத்தலைப்பு ஓவியரின் நோக்கைத் தெளிவாக வெளிப்படுத்திவிடுகிறது. குன்று காட்சிப்பொருள், ஆறு அதனைக் காண நிற்கும் இடம். குன்று உள்ளவரை காவிரிக்குப் படத்தில் இடம் கிடைத்தது. திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே கல்லணையைக் கடந்தபின் பாறை இல்லை. அங்கே காவிரியும் படத்திலிருந்து நீங்கிவிடுகிறது. கல்லணையும் 144 தகடுகளில் இடம்பெறவில்லை.

அவ்வாறாயின் தஞ்சை ஏன் இடம்பெற்றது? சமவெளியில் மலையின் வேலையைச் செய்வது பெரிய கோயிலின் விமானம். ஏறத்தாழ 200 அடிக்கு மேல் உயர்ந்த அக்கல்லெழுச்சி, தட்டையான நிலத்தில் குன்று ஒன்றின் செங்குத்தை ஓவியருக்கு அளித்தது. நந்தியும் ஒரே கல்லால் ஆனது, பாறையின் இயல்புடையது. தஞ்சையில் அவர்கள் தேர்ந்த இரண்டும் கல்லே என்பது கருதத்தக்கது. கோயிலை எடுப்பித்தவன் முதலாம் இராசராசன் என்பதும், அது 1010இல் நிறைவுற்றதென்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்பட்டு அவ்வுண்மை நிலைநாட்டப்பட இன்னும் ஒரு நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது.

கரைக்குப் பின்னால் மறையும் ஆறு

தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாற்றுக்குச் செல்பவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஆகியவற்றைக் கடந்து காவிரியை அடைவர். ஐந்து ஆறுகளின் ஊர் என்னும் பெயருக்கு அவ்வழியே உரை. எனினும் இவ்வைந்தும் ஒரே பார்வையில் ஓரிடத்திலிருந்து தென்படுவதில்லை. கழிமுக நிலத்தின் தன்மை அது. வண்டல் படிந்து படிந்து ஆற்றின் படுகை உயர்கிறது. அதனைக் கட்டுப்படுத்த இருபுறமும் கரை எழுப்பப்படுகிறது. வயல் தாழ்ந்தும் ஆறு உயர்ந்தும் இருப்பதாலேயே மதகைத் திறந்தவுடன் நீர் தானாகப் பாய்கிறது. பாசனத்துக்கு உகந்த இவ்வமைப்பு ஓவியத்துக்கு உகந்ததன்று. வயலில் நிற்பவர்க்கு ஆறு தெரியாது. மண்கரையும் அதன்மேல் வளர்ந்த மரங்களுமே தெரியும். கரையில் ஏறினால் ஆறு காலடியில் இருக்கும். அப்பால் மற்றொரு கரை. தொலைவு என்பதே இல்லை. முன்புறம், நடுப்புறம், பின்புறம் என மூன்றடுக்காகக் காட்சியைக் கட்டப் பழகிய கண்ணுக்கு இங்கே பிடி கிடைப்பது அரிது.

டேனியல் இருவரும் கேமரா ஆப்ஸ்குரா எனப்படும் இருட்டுப்பெட்டியைக் கையாண்டவர்கள். பெட்டியின் வில்லை வழியே தாளில் விழும் உருவத்தைப் பென்சிலால் பின்பற்றி வரைவது வழக்கம். கட்டடத்தின் விளிம்பு, குன்றின் விளிம்பு ஆகியன அதில் கூர்மையாக விழும். விளிம்பற்ற பசுமையும் நீரும் பின்பற்றுதற்குக் கோடு எதனையும் தருவதில்லை. கொள்கை மட்டுமின்றிக் கருவியும் அவர்களைக் கல்லை நோக்கியே செலுத்தியது எனலாம்.

இவ்விடத்துத் தமிழ் மரபை ஒப்புநோக்குவது பொருத்தமானது. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் எனத் தனித்திணையாகப் பகுக்கப்பட்ட மொழி இது. மருதப் பாடல்களைக் கற்றோர் அறிவர்: அங்கே அடிவானம் பெரிதும் பேசப்படுவதில்லை. பொய்கை, ஆம்பல், எருமை, கெண்டை, நாரை, வரப்பில் ஏறும் நண்டு என அண்மைப் பொருள்களே பேசப்படும். நின்று நோக்கும் காட்சியாக அன்றி, உள்ளே வாழும் இடமாக வயலைக் காட்டுவது அம்மரபு. திருவையாற்றைப் பாடிய திருஞானசம்பந்தரும் ஊரின் தோற்றத்தைத் தொலைவில் நின்று வரையவில்லை. ஆடலரங்கின் முழவொலியை இடியென்று மயங்கிய மந்திகள் மரமேறி முகிலைப் பார்க்கும் என்பது அவர் காட்டும் புகழ்பெற்ற காட்சி. மழை, ஒலி, மரம், விலங்கு, மக்கள் அனைத்தும் அதில் உண்டு. ஆனால் அதனை இருட்டுப்பெட்டிக்குள் அடக்க முடியாது.

தியாகராசர் பிறந்தது 1767இல். வில்லியம் டேனியலினும் இரண்டாண்டு மூத்தவர். ஓவியர்கள் தஞ்சைக்கு வந்தபோது அவர் திருவையாற்றில், காவிரிப் படித்துறைக்குச் சில தெருக்களே எட்டி இருந்த இல்லத்தில் வாழ்ந்தார். அவர் கீர்த்தனைகள் சிலவற்றில் காவிரி நேரடிப் பொருளாயிற்று. ஒரே ஆண்டில், அரைநாள் நடைத் தொலைவில், ஒரே நிலத்தைப் பற்றி இரு கலைமரபுகள் இயங்கின. ஒன்றைப் பற்றி மற்றொன்று அறியவில்லை. திருவையாற்றின் ஆறு இசையில் நின்றது, தாளில் ஏறவில்லை.

தஞ்சை ஓவியர்களும் இக்குறையை நிறைவு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் வாங்குவதற்கென அவர்கள் வரைந்த தொகுதிகளில் சாதி, தொழில் வாரியாகக் கணவனும் மனைவியுமாய் மக்கள் நிற்கின்றனர். அவர்கள் நிற்கும் நிலமோ வெறுமையான ஒரு பட்டை. உழவன் கையில் கலப்பை இருக்கும், வயல் இராது. சரபோசியின் 1820ஆம் ஆண்டுக் காசிப் பயணத்தை ஒட்டிக் கங்கைப் படித்துறைகள் ஒவ்வொன்றாக வரையப்பட்டன. அப்படங்கள் சரசுவதி மகாலில் உள்ளன. தொலைவிலுள்ள ஆற்றுக்குக் கிடைத்த மதிப்பு வாசலில் ஓடிய ஆற்றுக்குக் கிடைக்கவில்லை.

கடலுக்குத் திரும்பியவர்

1793 பிப்ரவரியில் சென்னையில் டேனியல் இருவரும் தம் ஓவியங்களைச் சீட்டுக்குலுக்கலில் விற்றுப் பணம் திரட்டினர். மேற்கு இந்தியாவைக் கண்டபின், 1794 செப்டம்பரில் இங்கிலாந்து திரும்பினர். பின்வந்த பதினான்கு ஆண்டுகள் 'ஓரியண்டல் சீனரி'க்கு உரியன. 1795 முதல் 1808 வரை 144 தகடுகள் வெளிவந்தன. முழுத்தொகுதியின் விலை 210 பவுண்டு. தலைப்பில் சிற்றப்பனின் பெயர் முன்னின்றாலும், தகடு அரிக்கும் உழைப்பின் பெரும்பங்கு வில்லியமுடையது. இந்தியாவைக் காணாத ஆங்கிலேயர் தலைமுறை ஒன்று தென்னிந்தியக் கோயிலை அவர் தகட்டின் வழியாகவே அறிந்தது.

அதன்பின் வில்லியம் தம் நாட்டுக் கடற்கரையை நோக்கித் திரும்பினார். 1814 முதல் 1825 வரை வெளிவந்த 'பிரிட்டனைச் சுற்றி ஒரு பயணம்' என்னும் எட்டுத் தொகுதிகளில் 308 அக்வாடின்ட் படங்கள் உள்ளன. அவருடைய தனிப்பெரும் படைப்பு இதுவே என்பது பலர் துணிபு. பாறைமுனைகளும் கலங்கரை விளக்கங்களும் துறைமுகங்களும் அங்கே நீரும் ஒளியுமாய் வருகின்றன. டிரபால்கர்ப் போரைக் காட்டிய அவர் ஓவியங்களுக்கு 1820களின் நடுவில் பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூஷன் 100 பவுண்டு பரிசளித்தது. முதுமையில் அவர் மீண்டும் இந்தியப் பொருள்களை வரைந்தார். 1834 முதல் வெளிவந்த 'ஓரியண்டல் ஆனுவல்' என்னும் ஆண்டு மலர்களுக்கு அவர் வரைபடங்கள் பயன்பட்டன. 1837இல் இலண்டனில் இறந்தார்.

அவர் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி இக்கட்டுரையின் வினாவோடு நேரே தொடர்புடையது. 1822இல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினராக வில்லியம் டேனியல் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவருக்கு எதிராகப் போட்டியிட்டுத் தோற்றவர் ஜான் கான்ஸ்டபிள். கான்ஸ்டபிள் வரைந்தது என்ன? சபோக் பகுதியில் ஸ்டூர் ஆற்றங்கரையில் கிடந்த தாழ்நிலத்தை. மதகு, மாவரைக்கும் ஆலை, ஆற்றில் இறங்கி நிற்கும் வைக்கோல் வண்டி, கரை பழுதுபார்க்கும் தொழிலாளி ஆகியவற்றை. மலையும் இடிபாடும் இல்லாத உழவர் நாட்டை, அதன் நீரையும் முகிலையும் கொண்டே பேரோவியமாக்கலாம் என்பதை அவர் காட்டினார். அவர் அந்நாட்டில் பிறந்தவர்; ஆலைக்காரர் மகன். மதகின் வேலை அவருக்குத் தெரியும்.

அமெரிக்காவிலும் இதற்கிணையான சான்று உண்டு. நிலக்காட்சி, கடற்காட்சி ஓவியரான மார்ட்டின் ஜான்சன் ஹீட் (1819–1904) கிழக்குக் கடற்கரையின் உப்புச் சதுப்பு நிலங்களை நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் வரைந்தார். அவற்றில் தட்டையான நிலமும் வளைந்தோடும் நீரும் வைக்கோற் போர்களும் மாறும் வானமுமே உள்ளன. அறுவடைக்குப்பின் தஞ்சைச் சமவெளியைக் கண்டவர்க்கு அப்படங்கள் அந்நியமாகத் தோன்றா. தட்டை நிலம் ஓவியத்துக்கு ஒவ்வாதது என்னும் கருத்தை இவ்விருவரும் பொய்யாக்குகின்றனர். தஞ்சைக்கு இல்லாமற்போனது காட்சியன்று; அங்கே தங்கி, பருவம் மாறுவதைக் கண்டு வரைந்த ஓவியன். வழிப்போக்கனாக வந்தவர்க்குக் கோயில் போதுமாயிருந்தது.

1858: திருவையாறு தாளில் ஏறுதல்

வில்லியம் டேனியல் இறந்து இருபத்தோராண்டு கழிந்தபின், திருவையாற்றின் பெயர் தாங்கிய படத்தொகுதி ஒன்று வெளிவந்தது. சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1857 டிசம்பர் முதல் சில மாதங்கள் தென்மாவட்டங்களில் பயணம் செய்து எடுத்த படங்கள், 1858இல் பல தொகுதிகளாயின. அவற்றுள் ஒன்று தஞ்சாவூரையும் 'திருவாடி'யையும் பற்றியது. திருவாடி என்பது திருவையாற்றைக் கம்பெனி ஆவணங்கள் வழங்கிய பெயர். டிரைப் 1822இல் டெவன்போர்ட் துறைமுகத்தில் பிறந்தவர். அவர் தொடக்ககாலப் புகைப்படங்களில் அத்துறைமுகத்துக் கப்பல்கள் உள்ளன. டேனியல் கடலுக்குச் சென்று முடித்தார். டிரைப் கடலிலிருந்து தொடங்கினார்.

இடைப்பட்ட காலத்தில் நாடு மாறியிருந்தது. 1836இல் முக்கொம்பில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். 1855இல் கடைசி மராட்டிய மன்னர் சிவாசி ஆண்வாரிசின்றி இறக்க, தஞ்சை அரசு முடிந்தது. சமவெளியின் வடிவம் அப்போது பொறியாளரின் வரைபடத்தில் மேலிருந்து காணப்பட்டது. ஆறும் வாய்க்காலும் ஒருங்கே தெரிந்த முதல் தாள்கள் அவையே எனலாம்.

டிரைப் பயன்படுத்தியது மெழுகூட்டிய தாள் நெகட்டிவ். ஒளியேற்ற நெடுநேரம் ஆகும். நடப்பவர் மறைந்துவிடுவர், ஓடும் நீர் மங்கிவிடும், வானம் வெறுமையாய் வெளுக்கும். ஆகவே அவர் நெகட்டிவின்மேல் தூரிகையால் முகில்களையும் இலைகளையும் சேர்த்தார். புகைப்படம் ஓவியத்தின் உதவியை நாடிய இடம் இது. மேலும் அவர் தஞ்சைப் பகுதியில் இருந்தது 1858ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில். அறுவடை முடிந்து, ஆறுகள் மணலாகும் பருவம் அது. திருவையாறு தொகுதியின் தலைப்பில் ஏறியது. நீர் நிறைந்த திருவையாறு தாளில் ஏறவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இப்பணி அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்திவிட்டமையால், மறுபருவத்தில் திரும்பி வரும் வாய்ப்பும் டிரைப்புக்குக் கிடைக்கவில்லை.

எனினும் தஞ்சையில் அவர் செய்த ஒரு பணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டுதுண்டாகப் படமெடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். டேனியல் நோக்கியது விமானத்தின் எழுச்சியை. டிரைப்பின் கருவி அதன் அடிக்குக் குனிந்தது. அவ்வெழுத்துகள் முறையாகப் படிக்கப்பட்டது, ஹூல்ட்ஸ் 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை வெளியிட்டபோதுதான்.

அக்கோயிற் கல்வெட்டுகளில் இராசராசன் இறைவனுக்கு அளித்த ஊர்களின் பட்டியல் விரிவாக உண்டு. ஒவ்வோர் ஊரிலும் விளைநிலம் வேலிக் கணக்கில் நுண்மையாக அளந்து சொல்லப்படுகிறது. அதிலிருந்து குடியிருப்பு நத்தம், சேரிகள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு எனக் கழிக்க வேண்டியவை கழிக்கப்படுகின்றன. எஞ்சிய நிலம் கோயிலுக்கு அளக்க வேண்டிய நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் இத்தனை கலம் எனக் குறிக்கப்படுகிறது.